தபிதாவின் பங்கு

வடக்கு அறையின் கதவுப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

வில்மா கோல்சன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். ஜனவரி மாதம். வெளியே புல் உறைந்து கிடந்தது. வீட்டின் மற்ற பித்தளைப் பிடிகளெல்லாம் விரலைக் கடித்தன. இது மட்டும் யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்து இப்போதுதான் விட்டதுபோல் இருந்தது.

கதவைத் திறந்தாள். காலி அறை. ஒரு ஜன்னல், பலகைத் தரை, மூலையில் அவள் வாங்கி வைத்த கண்ணாடிப் பெட்டி. கணப்பு கிடையாது. அந்தப் பக்கத்துப் புகைபோக்கி எப்போதோ இடிந்து, சுவரைப் பூசிவிட்டிருந்தார்கள். ஆனாலும் கரியின் வாசனை, சாம்பலில் சுட்ட சோளத்தின் வாசனை, அதற்கு அடியில் நெடுநாள் தோய்க்காத கம்பளியின் வாசனை, ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ போர்த்தி வைத்ததுபோல் அங்கே தங்கியிருந்தது.

பழைய மரம் வெயிலில் வாசனை விடும் என்று சொல்லிக்கொண்டாள். அன்று வெயில் இல்லை.

சனிக்கிழமை முன்னோர் சங்கத்துப் பெண்கள் வருகிறார்கள். அமெரிக்கப் புரட்சிக்கு முன்பே வர்ஜீனியாவில் நிலம் வைத்திருந்தவரின் வம்சம் என்று பத்திரத்தோடு நிரூபித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சங்கத்தில் இடம். வில்மாவுக்கு வெறும் இடம் போதாது. தலைவியின் நாற்காலி வேண்டும். அதற்காகத்தான் ஓய்வு பெற்றதும் ரிச்மண்ட் வீட்டை விற்றுவிட்டு, தன் மூதாதை ஜோசையா கோல்சன் கட்டிய இந்த வீட்டை வாங்கினாள். இந்த அறையில், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், ஜோசையாவின் உயில் இருக்கும். மேலே வம்ச வரைபடம். அடியில் அவள் பெயர்.

வில்மா முப்பது வருஷம் சொத்துகளுக்கு வில்லங்கம் பார்த்தவள். பதிவகத்துக்கு வந்து கொள்ளுத்தாத்தாவின் உடம்பில் ராஜரத்தம் தேடும் கூட்டத்தைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால் அப்பாவும் மகனும் என்பார்கள். உயிலில் மனைவி என்று ஒருத்தி இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் அவளே தாய் என்பார்கள். முட்டாள்கள்.

ஜோசையாவின் உயில் அவளுக்கு மனப்பாடம். மாடுகளுக்கும் கட்டில்களுக்கும் நடுவே, அடிமைச் சொத்தாக, மூன்று மனிதர்களின் பெயர்கள் எழுதியிருக்கும். அந்த வரியை அவள் எப்போதும் நிறுத்தாமல் தாண்டிப் போவாள். அதற்கடுத்து வரும் வரிதான் அவளுக்குத் தொல்லை. ‘என் மனைவி தபிதாவுக்கு, அவள் உயிரோடு இருக்கும்வரை, வடக்கு அறையும், அதற்கு வேண்டிய விறகும், சோளமும், கிணற்றுக்குப் போகும் வழியும்.’

தபிதா இரண்டாவது மனைவி. கப்பல் கூலிக்காக ஏழு வருஷ உழைப்பை விற்றுவிட்டு வந்தவள். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போடுகிறவள். முதல் மனைவி ஆன், ஆளுநர் சபையில் உட்கார்ந்தவரின் மகள். வில்மா தன் விண்ணப்பத்தில் ஆன் என்றுதான் எழுதியிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து வீட்டின் வடபுறம் நின்றது. ஓட்டிஸ் ரே இறங்கினார். வீட்டை அவளுக்கு விற்றவர். வண்டி நிறைய ஓக் விறகு.

“யார் கேட்டா இத?” என்றாள் வில்மா.

“யாரும் கேக்க வேணாம், மிஸ் வில்மா. அக்டோபர்ல போட்டுட்டுப் போனது தீந்திருக்கும்னு வந்தேன்.” சுவரோரம் எட்டிப் பார்த்தார். “தீந்துடுச்சு.”

“என் வீட்ல ஹீட்டர் ஓடுது.”

“உங்களுக்கில்ல. அந்தம்மாவுக்கு.”

வில்மா சிரித்தாள். “பேய்க்கு வெறகு பொறுக்கிப் போடறவன்கிட்டயா நான் வீடு வாங்கினேன்!”

“பேயின்னு நான் சொல்லலையே. வாடகை குடுக்காத ஆளுன்னு வெச்சுக்குங்க. எங்கப்பா போட்டாரு, நான் போட்டேன். கதவுகிட்ட வெப்போம். தெனம் காலைல கொஞ்சம் கொறஞ்சிருக்கும்.”

“பக்கத்துல எவனோ திருடறான். அதுகூடப் புரியல உனக்கு.”

“எங்கப்பா காலத்துலேருந்து ஒரே திருடனா? பாவம், அவனுக்கும் வயசாகியிருக்கும்.” ஒரு கட்டையைத் தூக்கினார். “பத்திரத்துலயே இருக்கே, மிஸ் வில்மா. விறகுக்கு உட்பட்டதுன்னு.”

“இருந்துச்சு. இப்ப இல்ல. வக்கீல்கிட்டச் சொல்லி அந்த ஷரத்த எடுத்துட்டேன். நீயும் படிக்காம கையெழுத்துப் போட்ட.”

ஓட்டிஸ் கட்டையை மெதுவாகத் திரும்ப வண்டியில் வைத்தார். வடக்கு ஜன்னலைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரியாக இறக்கிக்கொண்டார்.

“அப்ப அவங்க எங்க போவாங்க?”

“நரகத்துக்குப் போகட்டும். வண்டிய எடு.”

அவர் வாதாடவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இறங்கும் இருட்டில் வண்டியின் சிவப்பு விளக்குகள் தேவதாரு மரங்களுக்குள் மறையும்வரை நின்றாள். கிராமத்து மூளை. விற்றது எதுவென்றே தெரியாமல் விற்கும் மூளை.

சமையலறை மேசையில் பத்திர நகல்களைப் பரப்பினாள். அந்த ஷரத்து எப்படி இத்தனை காலம் பிழைத்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பழைய பத்திரத்தைப் பார்த்து அடுத்த குமாஸ்தா எழுதுவான். அவனைப் பார்த்து அடுத்தவன். குரங்குகள். செத்தவளின் பெயரை யாரும் அடித்துவிடுவதில்லை.

1771. ஜோசையாவின் மகன் ரூபன் வீட்டை அந்நியனுக்கு விற்கிறான். வாங்குகிறவன் விதவைக்கு விறகும் சோளமும் தரவேண்டும். சரி. அப்போது அவள் உயிரோடு இருந்தாள். அவள் உள்ளே இருக்கும்போதே விற்றிருக்கிறான்.

1803. விறகும், சோளத்துக்குப் பதில் மாவும்.

வில்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள்.

1841. விறகும் மாவும்; பற்கள் இல்லாமையால் மாவு நைசாக அரைக்கப்பட வேண்டும்.

பார்த்து எழுதுகிறவன் மாற்றி எழுத மாட்டான். சோம்பேறிகள் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். முப்பது வருஷத்தில் அவள் பார்த்த பாடம் அது. 1841 வரை ஒருத்தி எப்படி இருப்பாள்?

1899. விறகு மட்டும். இப்போது உண்பதில்லை.

தொலைபேசி அடித்தது. சித்தப்பா மகள் வெர்லீன். பெண்களுக்கு முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறவள். ஓய்வு நேரத்தில் அவளும் வம்சம் தேடுகிறாள்.

“என்னக்கா, பிரபு வீட்டுப் பொண்ணே, பிஸியா?”

“சொல்லு, வெர்லீன்.”

“தேவாலயப் பதிவேட்ல ஆனைப் புதைச்ச தேதி கெடச்சுடுச்சு. நம்ம ரூபன் பொறக்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அவ போய்ச் சேந்துட்டா. கல்லறைக்குள்ளேருந்து புள்ள பெத்தாளாக்கும்?” அவள் இருமும்படி சிரித்தாள். “நம்ம பாட்டி தபிதாதான்க்கா. கப்பல்காரி. எனக்கென்னவோ அவளப் புடிச்சிருக்கு.”

“உனக்குப் புடிக்கும். உன் தரம் அது.”

“ஐயோ, கோவத்தப் பாரு! உனக்கும் அதே ரத்தம்தானே ஓடுது?”

“அந்த வேலைக்காரி எனக்கு யாருமில்ல. ரூபன் ஆனோட மகன். கையெழுத்துப் போட்டுச் சத்தியம் பண்ணியிருக்கேன். நீ வாயத் திறந்தா, கோர்ட்ல பாத்துக்கறேன்.”

வைத்துவிட்டாள். வெர்லீன் சொன்ன தேதி அவளுக்குத் தெரியாததல்ல. போன வருஷமே அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நகல் எடுக்காமல் பதிவேட்டை மூடினாள்.

வீட்டுக்குள் ஒரு சத்தம்.

காற்றல்ல. எலியல்ல. பலகைத் தரையில் கனமான ஒன்றை இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்கும் சத்தம். வடக்கு அறையில் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. எதையோ தேடுவதுபோல். தேடியது கிடைக்காமல் மறுபடி முதல் மூலையிலிருந்து தொடங்குவதுபோல்.

வில்மாவுக்கு முதலில் வந்தது பயம்தான். அந்தப் பயத்தின்மேல் உடனே வெறுப்பு ஏறியது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்திக்கு, இந்த வயதில், என் சொந்த வீட்டில், நான் நடுங்குவதா? எழுந்து கூடத்தின் வழியே நடந்தாள். விளக்கைப் போடவில்லை. போட்டால் அவளை மதித்ததாகும்.

கதவின் முன் நின்றாள். சத்தமும் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு யாரோ இருப்பதுபோல் இருந்தது. பிடியைத் தொட்டாள். ஐஸ்.

“இங்க பாரு,” என்றாள். குரல் நீதிமன்றத்தில் பேசுவதுபோல் வந்தது. “உன் அறை போயிடுச்சு. விறகு போயிடுச்சு. பத்திரத்துல உன் பேரே இல்ல. புரியுதா?”



நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்குச் சட்டம் தெரியும். தெரிந்ததைத் தெரியாதவளிடம் காட்டும் ருசியும் தெரியும். கணவன் எழுதி வைத்தது போதாது என்று நினைக்கும் விதவை, உயிலே வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அவன் விட்டுப்போனதில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்துச் சட்டம். தபிதாவிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“புடிக்கலையா? உயில வேணாம்னு சொல்லிட்டு உன் மூணுல ஒரு பங்க எடுத்துக்க. உன் உரிமை அது. யார் தடுத்தா?” சிரித்தாள். “எடுத்துக்கோடி.”



பிறகு தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விலகியது. கதவு தானாக, மெதுவாக, முழுவதும் திறந்தது.

யாருமில்லை. ஜன்னலில் நிலா வெளிச்சம். கண்ணாடிப் பெட்டி. கரி வாசனைகூட இல்லை. கம்பளி வாசனை இல்லை. முதல் தடவையாக அது வெறும் அறையாக இருந்தது.

வில்மா வாசலில் நின்று மூச்சு விட்டாள். அவ்வளவுதான். சட்டம் பேசினால் எவளும் ஓடுவாள்.

சமையலறைக்குத் திரும்பினாள். மதியம் சுட்ட சோளரொட்டி தட்டில் இருந்தது. அதில் ஒரு பகுதி இல்லை. கத்தியால் நேராக வெட்டி எடுத்ததுபோல், மூன்றில் ஒன்று.

நின்றாள்.

பால் பாட்டில். மேலிருந்து மூன்றில் ஒன்று குறைந்திருந்தது. மேசைக்கு மேல் மூன்று பல்புகள். ஒன்று அணைந்திருந்தது. மேசையிலிருந்த காகிதங்களில் ஒரு கட்டு தனியே நகர்த்தப்பட்டு, ஓரம் தட்டிச் சீராக்கப்பட்டிருந்தது. அவசரம் இல்லாத கை. நியாயமான கை.

வீடு ஜோசையா கட்டியது. அதில் பங்கு. சரி. எடுத்துக்கொள்ளட்டும்.

அவன் வேறென்ன விட்டுப்போனான்? கணக்குப் போடுவது அவள் தொழில். மூளை தானாகப் போட்டது. நிலம்: விற்றாயிற்று. மாடுகள்: செத்தாயிற்று. கட்டில்கள், இரும்புச் சட்டிகள்: எங்கேயோ. இன்றைக்கு இந்தக் கூரையின் கீழ் அவன் விட்டுப்போனதில் மிச்சம் இருப்பது என்ன?

வம்ச வரைபடம் மேசையில் விரிந்திருந்தது. ஜோசையாவிலிருந்து கோடு இறங்கி, ரூபன் வழியாக, தலைமுறை தலைமுறையாக வந்து, கடைசிக் கட்டத்தில் முடிந்தது. அங்கே அவளே எழுதிய பெயர். அவளே போட்ட கையெழுத்து. நோட்டரியின் முத்திரை.

“இல்ல,” என்றாள் வில்மா. “நான் உன் வம்சம். உன் பேத்தி. தபிதா, கேக்குதா? நான் உன்னோட ரத்தம்.”

சொன்னாள். முதல் தடவையாக. கேட்க வேண்டியவள் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தாள், எனக்கு யாருமில்ல என்று வில்மா சொன்னதை.

கதவைப் பார்த்து ஓடினாள். வலது கால் போனது. இடது கால் வரவில்லை.

குனிந்து பார்த்தாள். கால் இருந்தது. செருப்போடு. அவளுடையதாக இல்லை.

மரத்துப்போகவில்லை. மரத்த காலை இழுக்கலாம். இது நின்றது. இன்னொருத்தி நிற்பதுபோல் நின்றது. பிறகு திரும்பியது. நடந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு.

இழு. நிறுத்து. மூச்சு. இழு.

அடுப்பை நோக்கி.

வலது கையால் மேசையைப் பற்றினாள். வரைபடம் நழுவியது. தட்டு உடைந்தது. நகம் ஒன்று பிய்ந்தது. பிடி விட்டது.

இடது கை உயர்ந்தது. எரிவாயு அடுப்பின் திருகு அதற்குப் பழக்கமில்லை. தடவியது. கண்டுகொண்டது. நீலமாகப் பற்றியது.

கை அந்தச் சுடருக்கு மேல் விரல்களை விரித்தது. சற்றுத் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. உள்ளே போனது.

அவளுக்கு வலிக்கவில்லை. அந்தக் கையில் வலிப்பதற்கு அவள் இல்லை. வாசனை மட்டும் வந்தது.

வில்மா கத்தினாள். வாயின் வலது பக்கம் கத்தியது. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் இருட்டின்மேல் அவள் முகம் தெரிந்தது. அதன் இடது ஓரம், மூன்றில் ஒரு பங்கு, கத்தவில்லை. அந்தக் கண் பாதி மூடி, அந்த உதட்டோரம் தளர்ந்து, நெடுநேரம் பனியில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தவளின் முகம்போல் இருந்தது. அது வில்மாவைப் பார்க்கவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை நிதானமாகத் தன்னைத் திருப்பி, மறுபக்கத்தைக் காட்டியது.