தோள்வகை, கைவகை

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பேருந்திலேயே மலைவரம்புச் சாவடிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். காப்பிக்குக் களையெடுக்கவும் வாழைத்தார் வெட்டவும் மேலே போகிற கூலியாட்கள். அந்தி சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டியவர்கள். ஆளுக்கொரு கருவி கையில் இருக்கும். புதிதாகச் செய்த கருவி எதுவானாலும் நோக்குமானி பார்த்து வகை சொன்ன பிறகுதான் மூங்கில் தடுப்பைத் தாண்டலாம்.

நோக்குமானி என்றதும் பெரிய இயந்திரமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாவு அரைக்கிற கிரைண்டர் அளவுதான் இருக்கும். தட்டில் பொருளை வைத்துவிட்டு, அதைச் செய்தவர் பக்கத்துக் கண்ணாடிப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் பதிக்க வேண்டும். செய்த நேரத்தில் அந்தக் கைகள் என்ன எண்ணத்தோடு உழைத்தன என்பதை நரம்பிலிருந்து எடுத்து அது சொல்லிவிடும். முன்பெல்லாம் சட்டத்தில் ‘இன்னதற்கென்று கருதிச் செய்யப்பட்டது’ என்று எழுதிவிட்டு, கருதியதைக் கண்டது யார் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். இப்போது வழக்கு இல்லை.

“தாக்கும் வகை,” என்றது நோக்குமானி. தட்டில் ஓர் ஊன்றுகோல் கிடந்தது.

“ஐயையோ, எங்கப்பா ஊனிக்கிட்டு நடக்குறதுக்குச் செஞ்சதுங்க இது!” என்று கத்தினான் அதைக் கொண்டுவந்தவன்.

சாவடி அதிகாரி பர்வீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “செதுக்கும்போது யாரை நெனச்சீங்கண்ணே?”

அவன் தலையைச் சொறிந்தான். “அன்னைக்குன்னு பாத்து என் மச்சினன் வாசல்ல நின்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தான்...”

வரிசை முழுவதும் சிரித்தது. “மச்சினன ஊருக்கு அனுப்பிட்டு, அப்பாவ நெனச்சு வேற ஒண்ணு செதுக்கிக் கொண்டாங்க,” என்று சொல்லிக் கோலை ஓரமாக வைத்தாள் பர்வீன்.

வரிசையில் சேராமல் தடுப்பின் கீழ்ப்பக்கம் நின்றிருந்த பூவிழி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் பாதையின் மேல்வளைவிலேயே இருந்தது. அங்கேதான் அவள் கணவன் வருவான்.

மீள்காட்டுச் சட்டம் வந்ததிலிருந்து வரம்புக்கு மேலே உள்ள மலை விலங்குகளுடையது. அங்கே இரவு தங்கும் உரிமை காவல்குடிகளுக்கு மட்டுமே உண்டு. காவல்குடி என்றால், மலையில் பிறந்த ஒருவர் பெயரில் பழைய தோள்துப்பாக்கி ஒன்று இருக்கும் வீடு. காட்டுமாடு வந்தாலும் பன்றி வந்தாலும் அரசின் ட்ரோனைக் கூப்பிடாமல் தன் பயிரைத் தானே காத்துக்கொள்ளும் வீடு. புதிதாக யாருக்கும் துப்பாக்கி கொடுப்பதில்லை. இருக்கும் துப்பாக்கி போனால் குடியும் போயிற்று.

ஓடைப்பாறையில் கடைசியாக மிஞ்சியிருந்த காவல்குடி பூவிழியுடையது. துப்பாக்கி அவள் அம்மா வழியாக வந்தது. சேரலாதன் நிலக்கோட்டைக்காரன், அவளைக் கட்டிக்கொண்டு மலையேறியவன். சட்டத்தின் கண்ணில் அவன் துணை. உரியவள் கூட வந்தால்தான் துணை தடுப்புக்குள் நுழையலாம். வெளியே ஒரு கால் வைத்துவிட்டால், அவள் இல்லாமல் மறுபடி ஏற முடியாது.

போன மழையில் தார் சுமந்து ஓடையைக் கடந்தபோது பூவிழி வழுக்கி விழுந்தாள். வலது காறை எலும்பு நொறுங்கியது. கீழே கொண்டுவந்து தகடு வைத்தார்கள். புண் சீழ்பிடித்துத் திரும்பவும் திறந்தார்கள். எல்லாம் ஆறி முடிவதற்குள் ஒப்ப நாள் கடந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை உரியவர் சாவடியில் நின்று, மணல்மேட்டைப் பார்த்து ஒரு தோட்டா சுட்டுக் காட்டுவதுதான் ஒப்பம். அது இல்லாமல் அவளும் உள்ளே போக முடியாது. துப்பாக்கியை எந்தத் தோளில் வைத்தாலும் ஒரே உதையில் தகடு கழன்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே அவன் மேலே. அவள் கீழே, நிலக்கோட்டையில் நாத்தனார் வீட்டில், மாட்டு மருந்துக் கடைக்கு மேலே, மின்விசிறியின் வெக்கைக்காற்றில். வீடு காலியாகக் கூடாது என்பதற்காக அவன் இறங்கவில்லை. ஞாயிறுதோறும் தடுப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள்.

வளைவில் அவன் தலை தெரிந்தது. தோளில் கோணிச் சுருள்.

“மெலிஞ்சு போயிட்டீங்க மாமா,” என்றாள் அவள், வந்ததும் வராததுமாக.

“நீ போன ஞாயித்துக்கெழமையும் இதத்தான் சொன்ன. அப்படிப் பாத்தா இந்நேரம் நான் காத்துல பறந்திருக்கணும்.”

“ஓடையில தண்ணி எம்புட்டு ஓடுது?”

“முழங்காலுக்கு.”

“காப்பி பூத்திருச்சா?”

“பூத்துருச்சு புள்ள. வீட்டுக்குள்ள எல்லாம் வாசம். ராத்திரி தூங்க முடியல.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “மாட்டு மருந்து நாத்தமும் பஸ் பொகையுமா கெடக்கேன் நான். வாசத்தச் சொல்லாதீங்க. வேற எதையாச்சும் சொல்லுங்க.”

“பன்னி வந்துச்சு. தகரத்தத் தட்டி வெரட்டுனேன். தலப்பன்னி திரும்பி நின்னு என்னய ஒரு பார்வை பாத்துச்சு பாரு, ‘ஒன் பொண்டாட்டி எங்கடா’ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.”

அதற்கு அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வலது தோள் சற்று உயர்ந்து, வலியில் உடனே இறங்கியது. அவன் அதைப் பார்க்காதது போலக் கோணியை அவிழ்த்தான்.

உள்ளே அவர்களுடைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஆனால் பின்பக்கம் வேறாக இருந்தது. தோளில் அணைக்கும் மரக்கட்டையை அறுத்துவிட்டு, கைத்துப்பாக்கிக்கு இருப்பது போல வளைந்த பிடி ஒன்றைப் பொருத்தியிருந்தான். பட்டுப்போன கமலா ஆரஞ்சு மரத்தில் செதுக்கி, எண்ணெய் பூசித் தேய்த்த பிடி.

“குழல்ல கை வைக்கல,” என்றான் அவசரமாக. “ஒரு நூல்கூடக் குறைக்கல. சட்டத்தப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன். குழலச் சின்னதாக்குனாத்தான் குத்தம். இது இடைவகை.”

பர்வீன் வரிசையை நிறுத்திவிட்டு அவர்களிடம் வந்தாள். “கொண்டாங்கண்ணே, பாப்போம்.” துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் முகத்தில் வியப்பும் கவலையும் சேர்ந்தே தெரிந்தன. “அருமையாச் செஞ்சிருக்கீங்க. ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேளுங்க. தோள்ல அணைச்சுச் சுடணும்னு கருதிச் செஞ்சா தோள்வகை. அது பயிருக்கு, விலங்குக்கு. ஒத்தக் கையில புடிச்சுச் சுடணும்னு கருதிச் செஞ்சா கைவகை. அது மனுசனுக்கு. புடுங்கிட்டுக் கேஸ் போட்டுருவாங்க. இடுப்புல அணைச்சு ரெண்டு கையால சுடணும்னு கருதியிருந்தா மட்டும்தான் இடைவகை. தோள் போனவங்களுக்காக வச்ச பிரிவு அது. கிடைச்சா அக்கா இன்னைக்கே ஏறிரலாம்.”

“இன்னைக்கேவா?” என்றாள் பூவிழி. பையில் அவள் ஏற்கெனவே மாற்றுச்சேலை எடுத்து வந்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியும்மா,” என்றான் சேரலாதன் பர்வீனிடம். “அதான் ஒரு வாரமா இடுப்பு, இடுப்புன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் வாழைக்குத் தண்ணி பாச்சுறேன்.”

பர்வீன் பெருமூச்சு விட்டாள். “அண்ணே, இப்ப நெனக்கிறத அது பாக்காது. செதுக்குன அன்னைக்கு நெனச்சதத்தான் பாக்கும்.”

“அன்னைக்கும் அதத்தான நெனச்சிருப்பேன்? வேற என்னத்த நெனச்சிருக்கப் போறேன்?”

மேல்பக்கத்திலிருந்தே கைநீட்டி அவன் துப்பாக்கியைத் தட்டில் வைத்தான். கண்ணாடிப் பலகையில் உள்ளங்கைகளைப் பதித்தான். இரண்டிலும் உளிக்காயங்கள் ஆறியும் ஆறாமலும் இருந்தன. நோக்குமானி மெல்ல ரீங்கரித்தது. வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஊன்றுகோல்காரன்கூட எட்டிப் பார்த்தான்.

வழக்கத்தைவிட நேரமானது.

“தோளில் அணைக்கும் நோக்கம் பதிவாகவில்லை,” என்றது நோக்குமானி. அதன் குரல் வானொலிச் செய்தி வாசிப்பவருடையது போல இருந்தது. “ஒரு கையால் சுடும் நோக்கம் பதிவாகவில்லை.”

பூவிழி தடுப்பு மூங்கிலை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இடுப்பில் அணைத்துச் சுடும் நோக்கம் பதிவாகவில்லை. சுடும் நோக்கமே பதிவாகவில்லை. பதிவான நோக்கம்: குறிப்பிட்ட ஒருவரின் இடது கை இதைப் பிடிக்க வேண்டும், அவர் தடுப்பைத் தாண்டி உள்ளே வர வேண்டும். செய்யும் காலம் முழுவதும் வேறு நோக்கம் இல்லை. இப்பொருள் ஆயுதம் அல்ல. ஆயுதப் பட்டியலிலிருந்து எண் நீக்கப்பட்டது.”

வரிசையில் ஒருவன், “அப்ப நல்லதுதான?” என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டான். “ஆயுதம் இல்லன்னா குடியும் இல்லடா,” என்றான் அவன்.

“அண்ணே,” என்றாள் பர்வீன். “செதுக்கும்போது, இத வச்சுச் சுடணுமேன்னு ஒரு நிமிசங்கூடத் தோணலையா?”

சேரலாதன் இன்னும் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. “தோணலையேம்மா. அவ கை வழுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். சுண்டு வெரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், அதுக்கு எடம் விட்டேன். உள்ள வந்ததும் மொதல்ல அடுப்படிக்குப் போவாளா, ஓடைக்குப் போவாளான்னு நெனச்சேன். தோட்டா நெனப்பே வரல.”

“ஐயோ!” என்றாள் பூவிழி. முதலில் வந்தது கோபம்தான். “ஒரு வேலைய உருப்படியாச் செய்யத் தெரியுதா ஒங்களுக்கு? துப்பாக்கி செய்யச் சொன்னா அடுப்படிய நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க! அந்த மனுசன் மச்சினன நெனச்சான், கம்பு ஆயுதமாயிருச்சு. நீங்க ஒரு பன்னியவாச்சும் நெனச்சிருக்கக் கூடாதா? எங்கம்மா வீடு மாமா அது!”

“தெரியும் புள்ள.”

“பழைய கட்டை எங்க? மேடம், பழைய கட்டைய மாட்டிக் கொண்டாந்தா?”

சேரலாதன் தலையைக் குனிந்தான். “அடுப்புல வச்சுட்டேன். ஈரமா இருந்துச்சு ஒரு நா, வெறகு நனைஞ்சிருச்சு.”

“கட்டை இருந்தாலும் பிரயோசனம் இல்லக்கா,” என்றாள் பர்வீன். “எண் போயிருச்சு. சென்னைக்கு மேல்முறையீடு எழுதித் தாரேன். ஆனா துப்பாக்கி இல்லாத வீட்டுல ராத்திரி ஆள் தங்க முடியாது. அண்ணன் இன்னைக்கு அந்திக்குள்ள எறங்கிரணும். வேணுங்கிற சாமானை எடுத்துக்கிட்டு வரட்டும்.”

“நான் கூடப் போயி எடுத்துக்கலாமா மேடம்? ஒரே ஒரு தடவ?”

பர்வீன் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “கூலியாளா இருந்தா விடலாம்க்கா. நீங்க எண் நீக்குன குடி. நீங்க தாண்டுனா தடுப்பே ட்ரோனக் கூப்பிட்டுரும்,” என்றாள்.

பூவிழி மேலே பார்த்தாள். வீடு இங்கிருந்து தெரியாது. வளைவுக்கு அப்பால் இரண்டு ஏற்றம் ஏறி, ஓடையைத் தாண்டினால்தான் தெரியும். மூடுபனி எந்த நேரத்தில் அடுப்படிச் சன்னலுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். படுத்தால் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது கேட்கும் அறை எது என்று தெரியும். அவள் பிறந்தது அந்த அறையில்தான். அவற்றையெல்லாம் நோக்குமானியில் வைத்து அளந்து காட்ட முடியுமானால் அவள் இரண்டு கைகளையும் பதித்திருப்பாள். அது செய்தவரைத்தான் கேட்கும்; அவள் அவற்றில் எதையும் செய்யவில்லை, அங்கே வாழ்ந்தாள், அவ்வளவுதான்.

“என்ன கொண்டாரட்டும்?” என்று கேட்டான் சேரலாதன்.

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். “கோழியப் புடிச்சுட்டு வாங்க. எங்கம்மா செப்புக்கொடம்... வேணாம், கனக்கும். ஒங்களுக்கு முதுகு வலி. கோழி போதும்.”

“காப்பிப்பூ பறிச்சாரட்டுமா?”

“கீழ வர்றதுக்குள்ள கருத்துப்போயிரும்.”

“ஆமா.” அவன் தயங்கி நின்றான். “கோவமா புள்ள?”

“கோவந்தான்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “சாயந்தரம் எறங்கி வாங்க. நெலக்கோட்டை போயிச் சேர்ற வரைக்கும் திட்டுறேன். இம்புட்டு நாளா இந்த மூங்கிலுக்கு அங்கிட்டு நின்னு தப்பிச்சுட்டீங்க.”

அவன் லேசாகச் சிரித்தபடி திரும்பி ஏறத் தொடங்கினான்.

பர்வீன் தட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பூவிழியிடம் நீட்டினாள். “இதுக்கு இனி லைசென்ஸ் வேணாம்க்கா. உங்க சாமான். வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க.”

பூவிழி இடது கையால் வாங்கினாள். பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. வளைந்த சுண்டுவிரல் தனக்கென்று விட்டிருந்த பள்ளத்தைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. தாலி கட்டிய நாளிலிருந்து அந்த விரலை அவன் உற்றுப் பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

அவன் வளைவை நெருங்கியிருந்தான். அவளுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. தடுப்பின் மேல் வயிறு அழுந்தக் குனிந்து கத்தினாள்.

“மாமா! வரும்போது கதவச் சாத்தாதீங்க!”

அவன் நின்று, காதுக்குக் கையைக் குவித்தான். “என்னது?”

“கதவு! தொறந்தே கெடக்கட்டும்! காட்டுமாடு முட்டி ஒடைக்க வேணாம்!”

அவன் கையை உயர்த்தி அசைத்துவிட்டு வளைவுக்குள் போனான்.