இருங்கோ, வாறன்

ஜெயரூபி கதிரையில் வந்து இருந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, மவுஸைத் தொட்ட பிறகுதான் திரையில் ஜெயரூபி குசினியை விட்டு வெளியே வந்தாள்.

திரைக்குள் இருந்தவள் ஆறுதலாக ஹோலைக் கடந்தாள். வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு இதே கதிரையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நேற்றுக் கமராப் படம் இவ்வளவு பிந்தவில்லை, நேற்று மூச்சு விட்டு எடுக்கிற நேரம்தான். இன்றைக்கென்றால் ஒரு தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துவிடலாம் போலிருந்தது. மேசைக்குக் கீழே அந்தப் பழைய கம்பியூட்டர் மேடு ஏறுகிற லொறி மாதிரி இரைந்துகொண்டு கிடந்தது. "சனியன் பிடிச்ச பெட்டி," என்று சொல்லி அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவள் கணவன் டிலக்சன் போன லீவில் வந்தபோது தன் கையாலேயே பொருத்திப் பூட்டிய பெட்டி அது. கேற்றடியில் ஒரு கமரா, பின்வளவில் ஒன்று, ஹோலில் ஒன்று, மகள் யதுசிகாவின் கட்டிலுக்கு மேலே ஒன்று. நாலு படத்தையும் பெட்டி பதிந்து வைக்கும்; டோஹாவில் இருந்தபடி அவன் போனில் பார்ப்பான். அன்புவழிபுரத்தில் தண்ணி மோட்டர் களவு போகுதென்று காரணம் சொன்னான். கள்ளனாவது மண்ணாங்கட்டியாவது! பெத்த பிள்ளை நித்திரை கொள்வதைப் பார்க்க ஆசைப்பட்டவன், அதைச் சொல்ல வெட்கப்பட்டான். அவளுக்கும் அது உதவிதான். மூன்று வயதுப் பிள்ளையை அறையில் படுக்கவிட்டுக் குசினியில் நிற்கும்போது அந்தக் கமராதான் அவளுக்குக் கண். வெள்ளிக்கிழமை தொடங்கி அந்தக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, வெள்ளிக்கிழமை தொடங்கி அவள் ஒரு வேலையையும் இருந்து செய்யவில்லை.

திரையில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் இருந்து டிலக்சன் கதைத்தான்.

"ரூபி, பிள்ளையின்ர படம் எனக்கு இறுகிப்போய் நிக்குது. எப்ப பாத்தாலும் ஒரே பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கிறாள்."

"அவள் நித்திரையப்பா. இப்பதான் எட்டிப் பாத்திட்டு வந்தனான்."

"சரி, பெட்டியை எது இழுத்துப் பிந்த வைக்குதெண்டு பாப்பம். அசையுற எல்லாத்துக்கும் அது பச்சைக் கட்டம் போடும். எந்தப் படத்தில கட்டம் விடாமல் கிடக்குது?"

கேற்றுப் படத்தில் கிடந்தது. கச்சான் காற்று விடியத் தொடங்கி வீசிக்கொண்டிருந்தது. முருங்கை மரம் தலையை விரித்து ஆடியது. படத்தில் அந்த மூலையைக் கறுப்படித்து மறைத்துவிடச் சொன்னான், மறைத்தாள். இரைச்சல் கொஞ்சம் இறங்கியது.

பின்வளவுப் படத்தில் ஒரு மான் நின்றது. கோட்டைப் பக்கம் திரிகிற மான்களில் ஒன்று வழி தவறி இவ்வளவு தூரம் வந்துவிட்டது போலும், தண்ணித் தொட்டிக்குள் வாயை வைத்திருந்தது, அதைச் சுற்றி ஒரு கட்டம். அவள் பார்த்துக்கொண்டிருக்க மான் தலையைத் தூக்கியது. வீட்டை உற்றுப் பார்த்தது. பிறகு வேலியைத் தாண்டி விழுந்தடித்து ஓடியது.

"ஹோலில?" என்றான் டிலக்சன்.

ஹோலில் வாசலோரக் கதிரையைச் சுற்றி ஒரு கட்டம் நின்றது.

"ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லையப்பா. வெறுங் கதிரை."

"ஃபான் சுத்துதோ? சீலை கீலை ஏதும் ஆடுதோ?"

"ஃபான் நிப்பாட்டிக் கிடக்கு. யன்னலும் சாத்திக் கிடக்கு."

"அப்ப பெட்டிக்குள்ள தூசிதான். நிப்பாட்டிப்போட்டு, மூடியைக் கழட்டித் துடைச்சிட்டுத் திருப்பிப் போடு. கமராக்கள் தங்கடபாட்டில பதியும், விட்டதைப் பெட்டி பிறகு வாங்கிக் காட்டும்."

அவள் பெட்டியை நிற்பாட்டினாள். இரைச்சல் அடங்கிய பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாய் இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தது. துணி எடுக்கக் குசினிக்குப் போகிற வழியில் வாசலோரக் கதிரையைக் கடந்தாள். நல்ல வெயில் சாய்கிற நேரம், அந்த இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. மணமும் ஒன்று அடித்தது. துறைமுகத்தில் தண்ணி வற்றும்போது மேலே வருமே ஒரு கறுத்தச் சேறு, அதன் மணம். கதிரையில் கை வைத்தாள், ஈரம். விரலை நாக்கில் வைத்தாள், உப்பு. யதுசிகா எதையாவது ஊற்றியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குசினித் துணியால் கதிரையை அழுத்தித் துடைத்தாள். கழுவிப் பிழிய மறுபடி குசினிக்குப் போனாள். திரும்பி வந்து பெட்டியின் தூசியைத் துடைத்து, மூடியைப் போட்டு, சுவிச்சைத் தட்டி இருந்தாள்.

படம் வந்தது. பிந்தித்தான் வந்தது.

திரையில் ஜெயரூபி கதிரையைத் துடைத்தாள். அவளைச் சுற்றி ஒரு கட்டம். கதிரையில் இருந்த கட்டம் எழும்பியது. அவள் துடைக்க வசதியாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. அவள் குசினிக்குப் போக, அதுவும் பின்னால் போனது. அவள் வெளியே வர, அதுவும் வெளியே வந்தது.

"ரூபி," என்றான் டிலக்சன். "சிவபாக்கியம் அக்கா வந்திட்டாவோ? உனக்குப் பின்னால ஒரு கட்டம் வருது."

பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் அக்கா. அந்தப் பெயரைக் கேட்டதும்தான் அவளுக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது கேற்றடியில் ஆரோ கூப்பிட்டார்கள். "வீட்டில ஆரும் நிக்கிறியளோ?" தொண்டைக்குள் தண்ணி நின்ற குரல். அக்காவுக்குத் தடிமன் போலும் என்று நினைத்து, திரும்பியும் பாராமல், "வாங்கோ, இருங்கோ, வாறன்," என்று குரல் கொடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. வாசலோரக் கதிரை மட்டும் கொஞ்சம் திரும்பிக் கிடந்தது. அதை அப்போதே மறந்துபோனாள்.

இருக்கச் சொன்னது அவள். வந்தது இருந்துவிட்டது.

திரையில் ஜெயரூபி மேசையடிக்கு வந்து இருந்தாள். மற்றக் கட்டம் அவள் முதுகோடு நின்றது. இது போன நேரத்துப் படம், அது இப்போது எங்கே நிற்கும்? கழுத்தைத் திருப்ப ஏலவில்லை. சேற்று மணம். பின்னால் மூச்சு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. திரையில் கட்டம் விலகியது. ஹோலைக் கடந்தது. அறைக் கதவைக் கடந்தது.

நாலாவது படம். பிள்ளை கட்டிலில் எழும்பி இருந்தாள். சிரித்தாள்.

"ரூபி! பிள்ளைக்குப் பக்கத்தில என்ன அது? ரூபி!"

ஓடினாள். கதிரை விழுந்தது. கால் பெருவிரல் எதிலோ அடிபட்டது. ஐயோ, என்ர பிள்ளை. கதவு.

யதுசிகா நுளம்பு வலைக்குள் சப்பணம் கட்டி இருந்தாள். இடது கையில் விளையாட்டுக் கோப்பை. "அம்மா, சத்தம் போடாதேங்கோ," என்றாள். "ஆள் தேத்தண்ணி குடிக்குது."

வலை உட்பக்கமாகக் குழிந்து நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளையின் வலது கை மட்டும் அந்தப் பக்கமாக நீண்டிருந்தது. விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று நெரிந்து வெளுத்துப்போய் இருந்தன. மணிக்கட்டால் தண்ணி வடிந்தது. ஜெயரூபி பிள்ளையைத் தூக்கி இழுத்தாள். அந்தப் பக்கம் விடவில்லை. பிள்ளை சிணுங்கத் தொடங்கினாள்.

போ என்று கத்த வாயைத் திறந்தாள். வீட்டுக்கு வந்த எவரையும் போ என்று சொல்லிப் பழகாத வாய். நெஞ்சு முழுக்கப் பயம், கை முழுக்கப் பிள்ளை, நாக்கு தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது.

"பிள்ளையை விடுங்கோ. உங்களைக் கும்பிட்டன். போயிட்டு வாங்கோ."

பிடி விட்டது.

வலை தொங்கியபடி நேரானது. ஹோல் நிலத்தில் ஈரப் பாதங்கள் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம், அவசரம் இல்லாமல் போனது. கேற்றுக் கொளுக்கி 'டிக்' என்றது. பிறகு காற்று மட்டும். ஜெயரூபி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக ஊதினாள். எல்லாம் சுகமாய்த்தான் இருந்தன.

பிள்ளையோடு மேசையடிக்குத் திரும்பி வந்தபோது பெட்டியின் இரைச்சல் அடங்கிக் கிடந்தது. திரையில் அவளும் பிள்ளையும் நின்றார்கள், பிந்தாமல். கையைத் தூக்கினாள், திரையிலும் கை எழும்பியது. அவள் கடைசியாக இப்படி ஆறுதலாய் மூச்சு விட்டது வெள்ளிக்கிழமைக்கு முதல்.

"கடவுளே! இப்ப நல்லா ஓடுது ரூபி, தண்ணி மாதிரி ஓடுது." டிலக்சன் போனுக்குள் இருந்து சொன்னான். "ஆளும் போயிட்டுது, கட்டமும் போயிட்டுது. என்ன சொல்லி அனுப்பினனீ?"

"என்னத்தைச் சொல்ல? போயிட்டு வாங்கோ எண்டுதான்..."

பாதியில் நின்றாள்.

போயிட்டு, வாங்கோ. மரியாதைக்குச் சொன்னது. ஒருவருக்குச் சொன்னாலும் 'வாங்கோ'தான், ஊரையே கூப்பிட்டாலும் 'வாங்கோ'தான்.

மேசைக்குக் கீழே பெட்டி மெல்ல இரையத் தொடங்கியது.

கேற்றுப் படத்தில், மூடிய கேற்றுக்கு வெளியே, ஒரு பச்சைக் கட்டம். அதன் பக்கத்தில் இன்னொன்று. பின்னால் ஒன்று. ஒழுங்கை முடிகிற இடம் வரைக்கும், துறைமுகப் பக்கம் இருந்து வருகிற றோட்டுத் திருப்பம் வரைக்கும், பெரிசும் சின்னதுமாகக் கட்டங்கள், சில இடுப்பளவு உயரம்தான். இரைச்சல் ஏறியது. படம் திக்கியது. இறுகியது.

"ரூபி, படம் நிண்டிட்டுது. ரூபி, கேக்குதோ?"

திரையில் அவை இன்னும் கேற்றுக்கு வெளியேதான் நின்றன.

அவளுக்குப் பின்னால், வாசலோரக் கதிரை நிலத்தில் இழுபட்டது. பிறகு அடுத்த கதிரை. பிறகு அதற்கடுத்தது. இடுப்பில் இருந்த யதுசிகா அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அம்மாவைப் போலவே குரலை நீட்டி, ஒவ்வொரு கதிரைக்கும் ஒருதரம் சொன்னாள்:

"வாங்கோ, இருங்கோ... வாங்கோ, இருங்கோ..."