அடுப்புப் பக்கத்துச் சாப்பாடு

"நேத்தும் ஆறிப்போன கீரைதான்! யார் வீட்டு மிச்சத்தைக் கொண்டாந்து எனக்குப் போடறே?"

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டார். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. சர்க்கரைப் புண் ஆறாவிட்டால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும், பிஸ்கட் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்தத் தெருவே பிஸ்கட் ஆலையை நம்பித்தான் பசியாறியது. உடைந்த பிஸ்கட்டை ஆலை தன் தொழிலாளிகளுக்குச் சும்மா கொடுத்தது. காய்கறி விற்ற விலையில், பல வீடுகளில் இரவுச் சாப்பாடும் அதுதான்.

"இப்பல்லாம் பிஸ்கட்டும் வீட்டுக்கு வர்றதில்ல. எல்லாம் உங்கம்மா வீட்டுக்குப் போகுதாக்கும்!"

"இல்லத்தே..." மருமகள் ஆலைக்குக் கிளம்பினாள். "நேரமாச்சு, வரேன்."

மாமியாருக்குச் சந்தேகம் தீரவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பதென்று மதியம் கம்பை ஊன்றி, நொண்டி நொண்டி ஆலை வாசலுக்கே போய்விட்டார்.

சுவரோர நிழலில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் உடைந்த பிஸ்கட். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூடிய டப்பா ஒன்று.

"அதுல என்னடி?"

அவள் திடுக்கிட்டு எழுவதற்குள், கூட வேலை செய்பவள் முந்திக்கொண்டாள்.

"உங்க சாப்பாடுதான் பெரியம்மா! அடுப்புப் பக்கம் நிக்கறவங்க மயங்கி விழுந்துட்டா மிஷின் நின்னுடும்னு, அவங்களுக்கு மட்டும் கீரையும் முட்டையும் தர்றாங்க. அதுக்காகவே பாக்கிங் வேலையை விட்டுட்டு இவ அந்த அனல்ல போய் நிக்கறா. கையைப் பாருங்க!"

முழங்கைவரை சூட்டுத் தழும்புகள்...

மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி சொல்லல?"

"சொன்னா சாப்பிடுவீங்களா அத்தே? எனக்கென்ன... வயசிருக்கு, தாங்கும்."

"நானும் இங்க வேலை பார்த்தப்ப அப்படித்தாண்டி நெனச்சேன்! இந்தப் பிஸ்கட்டையே தின்னு தின்னுதான் இந்தக் காலு! எந்த ஆபீசராவது இதைத் தின்னு பசியாறிப் பார்த்திருக்கியா?"

டப்பாவைத் திறந்தார். கீரையில் முட்டையைப் பிட்டு வைத்து நீட்டினார்.

"அத்தே, உங்க புண்ணு..."

"அது கிடக்கு. இனிமே பாதி நீ, பாதி நான். வாயைத் திற!"

அழுகையோடு அவள் வாயைத் திறந்தபோது சங்கு ஊதியது.

"நேரமாச்சு, உள்ளே போங்க!" காவலாளி அதட்டினார்.

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா இருய்யா! எம் பொண்ணு சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."