காய்த்த கை

பேருந்து நிலையத்தில் நிற்கும் 'இளக்கி' என்ற இயந்திரத்துக்குள் கையை விட்டால் போதும். கைவழியே உடம்பெங்கும் சதையைத் தடவிப் பார்த்து, "இறுகல்" என்று சொல்லி, அதைக் கரைத்தும் விடும். மெத்தென்று இருக்கவேண்டிய சதை கெட்டியானால் மருத்துவர்கள் வைக்கும் பெயர் அது. எதனால் கெட்டியானது என்று மட்டும் இளக்கி கேட்பதில்லை. தூத்துக்குடியில் இப்போது மாப்பிள்ளை வீட்டார்கூட, "பொண்ணுக்கு இறுகல் ஏதும் உண்டா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள்.

ஜோஸ்பினின் அப்பாவைக் கொண்டுபோனது தொண்டையில் யாரும் தொட்டுப் பார்க்காத ஓர் இறுகல். அதனால் புரோட்டாக் கடை நடத்தும் கணவர் சவேரிமுத்துவின் கெட்டியான உள்ளங்கையைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் சட்டென்று கையை விட்டுவிடுவாள்.

"சூட்டுல புரோட்டா அடிச்சுக் காய்ச்சதுட்டி இது" என்பார் அவர்.

"நீங்க என்ன டாக்டரா? எனக்காக ஒருக்கா இளக்கியில கைய வைங்க."

'எனக்காக' என்றால் அந்த மனிதர் மறுக்கத் தெரியாதவர். பச்சைப்பிள்ளைக் கையோடு திரும்பி வந்தார். அன்று முழுக்க ஜோஸ்பின் அந்தக் கையை விடவேயில்லை.

மறுநாள் கல்லிலிருந்து எடுத்த புரோட்டாக்களை இரு கையாலும் அடித்தவர், "யம்மா!" என்று அலறினார். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். கடை மூடியது. "உங்க பொழப்ப நானே கெடுத்துட்டனே" என்று அவள் அழுதாள்.

"சும்மா கெட. மறுபடி காய்ச்சிரும்" என்றார் அவர்.

ஆனால் வலி பொறுக்கவில்லை. கொப்புளத்தையும் அது கரைத்துவிடும் என்று நம்பி, சில நாளில் அவரே அவளை அழைத்துக்கொண்டு இளக்கிக்குப் போனார். வலை இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள் என்று கொப்புளக் கைகளின் பெரிய வரிசை நின்றது. இளக்கியோ பழுதாகிக் கிடந்தது. பழுது பார்க்க வந்த எட்வினால் மூடியின் திருகைக் கழற்ற முடியவில்லை. வாரம் ஒருமுறை இளக்கிக்குள் கையை விட வேண்டும் என்பது அவன் வேலையின் விதி. ஸ்பானரைப் பிடித்ததுமே தோல் உரிந்தது. வரிசையில் இருந்த ஆண்களும் முயன்று கையை உதறினார்கள்.

"கெட்டியான கை யாருக்காச்சும் இருக்கா?" என்று எட்வின் கேட்டான்.

நாள்தோறும் மூட்டை மாவு பிசைகிற ஜோஸ்பினுக்கு இளக்கிப் பக்கம் வர நேரம் வாய்த்ததில்லை; அவள் கை காய்த்தபடியே இருந்தது. வரிசையில் அப்பாவைப் போல, தெரியாத இறுகலோடு ஒருவர் இருக்கலாமே என்று நினைத்தாள். ஸ்பானரை வாங்கினாள். ஒரே திருப்பு, திருகு கழன்றது.

எட்வின் உள்ளே எதையோ சரிசெய்தான். இளக்கி விழித்தது. "யக்கா, மொத ஆளா நீங்களே கைய வைங்க!" என்றான் நன்றியோடு.

"நானும் வச்சிட்டா, அடுத்த தடவ இத யாருப்பா கழட்டுவா?"

அவள் கணவரின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். ஆறிய கொப்புளம் ஒன்றின் மேல், கடுகளவு, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தாள். இந்தமுறை அவள் கையை விடவில்லை.