எண் ஏறும் அறை

சைபராகத்தானே இருக்க வேண்டும், என்று தவமணி நினைத்தாள். அடுப்பு எரியவில்லை. சாமி விளக்கைக்கூட இன்னும் ஏற்றவில்லை. பிறகு எதற்குக் கருவியில் நான்கு?

அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் கணவன் வேலாயுதம் எழுந்து வருவான், கருவியைத் தட்டிப் பார்ப்பான், பிறகு அவள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையை அவள் ஒரு வருஷமாகப் பார்த்து அலுத்திருந்தாள்.

போன வாரம்தான் இரண்டு கருவிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எது வேண்டும் என்று பார்த்தார்கள். ஒன்று வேலாயுதம் கிள்ளானில் வாங்கியது. காற்றில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எழுபதைத் தாண்டி, வெகுநேரம் அப்படியே நின்றால்தான் கத்தும் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. மற்றதை, துறைமுகத்தில் அவனோடு வேலை செய்யும் தம்புசாமி ஒரு கப்பல்காரனிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து தருவித்திருந்தான். அது கொஞ்சநஞ்சம் இருந்தாலும் சிறு கண்ணாடியில் எண்ணாகக் காட்டிவிடும்.

"நம்பர் காட்டுறது வேணாம்லா, மணி. ஒன்னு ரெண்டுக்கெல்லாம் பயந்துகிட்டு கிடப்பே. கத்துறப்ப ஓடுனா போதும்."

"கத்துற வரைக்கும் பிள்ளை தாங்குமாங்க?"

 அவன் இரண்டையும் கொண்டுபோய், தொட்டில் கட்டும் அறையின் சுவரிலேயே மாட்டினான். உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் ஸ்பிரிங் மட்டும் தொங்கியது. பிறப்பதற்கு முன்னால் துணி கட்டக் கூடாது. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

போன வருஷம் புகைமூட்டம் வந்தபோது பண்டமாரான் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. எதிர்வீட்டு கேட் தெரியாது, பகலிலேயே லோரிகள் விளக்கு போட்டுக்கொண்டு ஊர்ந்தன, ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுப் பெயர் வைக்கக் காத்திருந்த பெண் குழந்தை அந்த அறையில் தூங்கியது. தவமணி ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தாள். வெளியே காயப்போட்டால் புகை நாற்றம் ஏறிவிடும் என்று, கரி கனன்ற சாம்பிராணிச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் துணிகளை அதன்மேல் விரித்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா என்று வேலாயுதம் கேட்டான்.

"வேண்டாங்க. பாப்பாவுக்குப் புகை ஆகாது," என்று சொல்லிவிட்டு அவளே கதவைச் சாத்தினாள்.

பத்தியச் சோறு சாப்பிட்டு, கூடத்துப் பாயில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். திரும்பிப் போனபோது துணிகள் நன்றாகக் காய்ந்திருந்தன. குழந்தையின் கன்னங்கள் செக்கச் செவேலென்று, உயிரோடிருந்த நாளில் இல்லாத அழகோடு இருந்தன. மூடிய அறையில் கரி கனன்றால் வரும் அந்த வாயுவுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். அவளுக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. புகைக்குப் பயந்து சாத்திய அறையில், புகையே இல்லாமல் போய்விட்டது குழந்தை.

நான்கு காட்டியதற்கு மறுநாளும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எண் ஏறியது. பதினொன்று. இந்த முறை வேலாயுதமும் பார்த்துவிட்டான். சமையல் கேஸ் தோம்பை வெளியே தூக்கி வைத்தான், பக்கத்து வீட்டு நாகையா அண்ணனிடம் குப்பை கொளுத்துகிறாரா என்று கேட்டுவிட்டு வந்தான், வேறு அறைகளில் கருவியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். எங்கும் சைபர்தான். இந்த அறையில் மட்டும், ஜன்னல் சாத்தியிருக்கும்போது மட்டும் ஏறியது. ஜன்னலைத் திறந்துவிட்டால் இறங்கியது.

"மெஷின் ரோசாக்லா, கெட்டுப் போச்சு. இந்த வாரத்துல தம்புகிட்ட திருப்பிக் கொடுத்துடுறேன்," என்றான். "இனி இந்த ரூம்ல நீ உட்காராதே."

அவன் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனான். தவமணி கருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து, எட்டு, ஐந்து என்று இறங்க இறங்க, ஈரத்துணி சூடேறும் மணமும் சாம்பிராணி மணமும் சேர்ந்தே மெலிந்தன. எண் சைபரைத் தொடுவதற்குச் சற்று முன்னால், உத்தரத்துப் பக்கமிருந்து, பாதிப் பாலில் விலக்கப்பட்ட குழந்தையின் சிணுங்கல் போல ஏதோ கேட்டது.

அவள் ஜன்னல் பக்கம் போனாள். கை ஜன்னல் கொக்கியைத் தொட்டது. கொஞ்சம் மட்டும். ஒரு விரற்கடை மட்டும் சாத்தினாள்.

சிணுங்கல் நின்றது.

மறுநாள் மதியத்திலிருந்து மழை. வேலாயுதம் வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் எந்த விளக்கும் எரியவில்லை. அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவன் கூப்பிட்டது தவமணிக்குத் தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. தலை கனத்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி. அவள்தான் வைத்திருக்க வேண்டும். எப்போது வைத்தாள் என்று நினைவில்லை.

கண்ணாடியில் நாற்பத்தெட்டு.

சாம்பிராணி மணம் நெஞ்சுவரை இறங்கியது. தரையில் சட்டி இல்லை. கரி இல்லை. ஆனாலும் அந்த மூலையில் கால் வைத்தால் சுட்டது.

எண்பத்தொன்று.

வயிற்றுக்குள் இருந்தது ஒருமுறை பலமாக உதைத்தது. அவள் உள்ளங்கையால் தடவிக் கொடுத்தாள். சும்மா இரு. அக்கா தூங்குகிறாள்.

நூற்றிருபது.

கிள்ளானில் வாங்கிய கருவி அப்போதுதான் கத்தத் தொடங்கியது. மெஷின் கெடவில்லை. இரண்டுமா கெடும்? கதவுக்கு வெளியே வேலாயுதத்தின் குரல் உடைந்தது.

"மணி, கதவைத் திற. கதவு வேணாம், அந்த ஜன்னலையாவது திறம்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். உள்ள இருக்கிற பிள்ளையை நினைச்சுப் பாரு."

அவன் தோளால் இடித்தான். கதவு அதிர்ந்தது. தாழ் அசையவில்லை.

அவள் நினைத்துத்தான் பார்த்தாள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஜன்னல். திறந்தால் எண் இறங்கும். சைபராகும். இன்னொரு முறை ஒன்றுமில்லாமல் போகும்.

தலைக்கு மேலே கிரீச்சென்று ஒரு சத்தம்.

துணி கட்டாத ஸ்பிரிங் மெல்ல நீண்டது. ஒரு பச்சைக் குழந்தையின் கனத்துக்கு எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. நின்றது. பிறகு மேலே. கீழே. மேலே.

வயிற்றில் உதை இல்லை.

தவமணி கையை உயர்த்தி, ஸ்பிரிங்குக்குக் கீழே, வெறும் காற்றைத் தாங்கிப் பிடித்தாள். கை நிறையக் கனத்தது. சூடாக இருந்தது.

"வேண்டாங்க," என்றாள், தூங்குகிற பிள்ளை விழித்துவிடாதபடி. "பாப்பாவுக்குப் புகை ஆகாது."