மறுத்துப் பேசாத வீடு

காலணி அலமாரியில் டோர்ஹில்டின் பூட்ஸ் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இருட்டிவிடும் வடக்கு நார்வேயின் டிசம்பர். வெளியே முழங்கால் உயரப் பனி. உள்ளே ஆறிப்போன காப்பியின் வாடையும், ஈரக் கம்பளியின் வாடையும், எங்கோ ஒரு குழாய் விட்டுவிட்டுச் சொட்டும் சத்தமுமாக அந்த முதியோர் இல்லத்தின் நடைக்கூடம் நீண்டு கிடந்தது. அவள் காலில் யாருடையதோ கம்பளிச் செருப்பு. அது அளவெடுத்தது போல் பொருந்தியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் உளவியல் ஆய்வாளர். மாதவிடாய் நிற்கிற வயதில் வரும் மறதி வேறு, மூளையை அரிக்கும் மறதிநோய் வேறு என்று பெண்களுக்குத் தைரியம் சொல்வதே பிழைப்பு. ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்கும் வார்த்தைகள் நழுவின, நின்ற இடத்தில் வியர்த்துக் கொட்டியது. ஹார்மோன் படுத்தும் பாடு என்று அதே தைரியத்தைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

இப்போதும் கழுத்திலிருந்து அனல் ஏறியது. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

"திறந்தா பனிக்கரடி வந்து காப்பி கேக்கும்," என்று சிரித்தாள் பணிப்பெண் ஒட்னி. "உக்காருங்க டோர்ஹில்ட்."

"என் பூட்ஸ் எங்க? ஆராய்ச்சிக்கான பேட்டியெல்லாம் முடிஞ்சிருச்சு. நான் கிளம்பணும்."

"ஆமா, கிளம்பணும்ல. காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

குரல் வெண்ணெயாக இருந்தது. இந்தக் குரலை இங்குள்ளவர்களுக்குப் பழக்கியதே டோர்ஹில்ட்தான். மறதிநோயாளி என்ன சொன்னாலும் மறுக்காதீர்கள், ஆமா போடுங்கள், மெல்லப் பேச்சை மாற்றுங்கள்.

ஒட்னியின் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"நான் ஆராய்ச்சிக்கு வந்தவ. அப்படித்தானே?"

"ஆமா."

"உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே நான்."

"ஆமா, எவ்வளவு நல்லாச் சொல்லிக்கொடுத்தீங்க!"

உண்மைக்கு ஆமா. பொய்க்கும் ஆமாதானா? தெரிந்தே ஆகவேண்டும். அம்மா செத்தது இதே நடைக்கூடத்தின் கடைசி அறையில். கண்களை மூடிவிட்டவளே ஒட்னிதான். மறுத்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பைத்தியமா உனக்கு என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிடு.

"எங்கம்மா என்னைக் கூட்டிட்டுப் போக வராங்க."

ஒட்னியின் முகம் இளகியது.

"ஆமா. வராங்க."

டோர்ஹில்டுக்கு அழுகை முட்டியது.

அப்போது, கடைசி அறையில் தாழ்ப்பாள் விலகியது. குழாய்ச் சொட்டு நின்றது. வெறுங்கால்கள். தரையில் இழுபடும் சத்தம். நெருங்கியது. ஒட்னி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு கோப்பையை எடுத்தாள். காப்பி ஊற்றினாள்.

அம்மா வந்துகொண்டிருந்தாள். சுவரைத் தடவியபடி. மூடிவிட்ட கண்கள் மூடியபடியே.