மதில் மேல் இருந்த பூசணிக்காய்

"அம்மா, அந்தப் பூசணிக்காய் ஆரின்ரை?" என்று மேனுஷா கேட்டாள்.

"இப்ப எங்கடை," என்றார் அம்மா குமுதினி.

அன்று சனிக்கிழமை. ஒக்டோபர் மாதம் தொடங்கிவிட்டது. வால்தம்ஸ்டோ ஊரில் காலையிலிருந்தே மழை இல்லை. அதனால் வீட்டில் எல்லோரும் பின்தோட்டத்தில் நின்றார்கள். அப்பா தவராசா காய்ந்துபோன போஞ்சிக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். குளிர் வந்துவிட்டதால் தக்காளிகள் இனிப் பழுக்கா. பத்து வயது மேனுஷா அவற்றைப் பச்சையாகவே ஆய்ந்து வாளியில் போட்டாள். நாலு வயதுத் தம்பி அனுசன் அவற்றை வாளியிலிருந்து எடுத்துப் புல்லில் வரிசையாக அடுக்கினான்.

"தம்பி, நான் போடப் போட நீ ஏன் எடுக்கிறாய்?"

"அதுகள் பஸ்ஸுக்கு நிக்குதுகள்."

"பஸ் எப்ப வரும்?"

"இப்பதான் ஒண்டு போனது."

அம்மா மதில் ஓரம் நின்றார். அவர்களுடைய தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு செங்கல் மதில். பக்கத்து வீட்டில் பெத் அன்ரியும் அவருடைய ஆறு வயது மகன் ஆர்லோவும் இருந்தார்கள். மதிலின் மேல் ஒரு சில்வர் கிண்ணம் கழுவித் துடைத்து வைத்திருந்தது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் பந்தளவில் ஒரு பூசணிக்காய், நல்ல செம்மஞ்சள் நிறத்தில்.

"போன கிழமை பெத்துக்கு இந்தக் கிண்ணத்திலைதான் கத்தரிக்காய்க் கறி குடுத்தனான்," என்றார் அம்மா. "வெறுங் கிண்ணம் திருப்பித் தரக்கூடாதெண்டு பூசணிக்காயும் வச்சிருக்கிறா, பாருங்கோ."

மேனுஷாவின் வீட்டில் அது வழக்கம். யாராவது ஒரு பாத்திரத்தில் கறியோ பலகாரமோ தந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வேறு ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு தேசிக்காயாவது போட்டுக் கொடுப்பார்கள்.

"இந்த ஊர்ச் சனத்துக்கு உது தெரியுமோ?" என்று அப்பா கேட்டார்.

"ஏன் தெரியாது? எங்களுக்கு மட்டுந்தான் தெரியும் எண்டு நினைச்சீங்களோ?"

"எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே அம்மா," என்றாள் மேனுஷா.

"தந்த சாமானைப் பிடிச்சுக்கொண்டு, தந்தனீங்களோ எண்டு கேக்கிறதோ? வடிவில்லை, பிள்ளை."

அம்மா கிண்ணத்தை ஒரு கையிலும் பூசணிக்காயை மறு கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் பூசணிக்காய் இரண்டாக வெட்டுப்பட்டது. ஒரு பாதியை அம்மா குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். மறு பாதியைத் தோல் சீவினார்.

"தோலிலை ஏதோ நத்தை ஊர்ந்த அடையாளம் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தையும் சீவித் தள்ளினார்.

"விதையை எறிஞ்சுபோடாதேயும்," என்றார் அப்பா. "வாற வருஷம் நடலாம்."

இரண்டு பாதியிலும் இருந்த விதைகளைக் கழுவி யன்னல் கரையில் ஒரு பேப்பரில் பரப்பினார்கள். பூசணிக்காய் தேங்காய்ப்பாலில் பால்கறியாக வந்தது. மிளகாய்த்தூள் இல்லாத கறி என்பதால் அனுசனும் சாப்பிட்டான். அப்பா மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மரக்கறித் தோல்களைத் தோட்டத்து மூலையில் இருக்கும் உரத்தொட்டியில் கொட்டுவது மேனுஷாவின் வேலை. அவள் கொட்டும்போது ஒரு பூசணித் தோல் வெளியே விழுந்தது. குனிந்து எடுத்தாள். தோலில் மண்ணிறத்தில் தடித்த கோடுகள் இருந்தன. முழங்காலில் காயம் ஆறினால் வரும் தழும்பைப்போல.

நத்தை நேர்கோடாக ஊருமா?

தொட்டிக்குள் கையை விட்டுத் தேடி இன்னொரு துண்டையும் எடுத்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். ஆங்கிலத்தில் கோணல் மாணலாக எழுத்துக்கள்.

ஆர்லோ.

ஜூலை மாதம் ஆர்லோ மதிலுக்கு மேலால் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. காய் சின்னதாக இருக்கும்போது ஆணியால் பெயரைக் கீறிவிட்டால், காய் வளர வளரப் பெயரும் வளருமாம்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"அம்மா, என் பூசணிக்காயைக் காணவில்லை."

"வெயிலில் காயட்டும் என்று மதிலில்தானே வைத்தோம்? உருண்டு விழுந்திருக்கும். செடிக்குள் பார்."

மேனுஷா நிமிராமல், குனிந்தபடியே வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா, அது பெத் அன்ரி தந்த பூசணிக்காய் இல்லை."

தோல் துண்டுகளைப் பார்த்ததும் அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு சின்னப் பிள்ளையின்ரை சாமானைக் களவெடுத்துப்போட்டன்."

"ஒருத்தரும் களவெடுக்கேல்லை," என்றார் அப்பா. "நான் கடைக்குப் போய் இதைவிடப் பெரிசா ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன். மதிலிலை வச்சால் அலுவல் முடிஞ்சுது."

"பேர் எப்பிடி வரும் அப்பா?"

"நான் கீறிவிடுறன்."

"இது மூண்டு மாசமா வளந்த பேர்."

அப்பா தோலை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு கடைக்குப் போகிற கதையை எடுக்கவில்லை.

"அப்ப சொல்லத்தான் வேணும்," என்றார் அம்மா. "ஆர் போறது?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நான் போறன்," என்றான் அனுசன்.

"நீ முதல்லை மூக்கைத் துடை," என்றாள் மேனுஷா. "நான் போறன்."

பக்கத்து வீட்டு மணியை அடிக்கும் வரைக்கும் ஒரு நீண்ட விளக்கத்தை அவள் ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பெத் அன்ரி கதவைத் திறந்ததும் வாயில் வந்தது ஒரே ஒரு வரிதான்.

"ஆர்லோவின் பூசணிக்காயை நாங்கள் சமைத்துவிட்டோம்."

பிறகு கிண்ணத்தின் கதையைச் சொன்னாள். பெத் அன்ரிக்குச் சிரிப்பதா, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"பரவாயில்லை, மேனுஷா. ஒரு பூசணிக்காய்தானே."

"பரவாயில்லை இல்லை," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

படிக்கட்டுக்குக் கீழே, சப்பாத்துகளுக்கு நடுவில் ஆர்லோ உட்கார்ந்திருந்தான். மேனுஷா அவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தோல் துண்டுகளைக் கொடுத்தாள். அவன் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"முழுவதையும் சாப்பிட்டுவிட்டீர்களா?"

"பாதி. மற்றப் பாதி இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள், ஆர்லோ."

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அறுவடை விழா. எங்கள் வகுப்பில் எல்லோரும் வளர்த்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பாதிப் பூசணிக்காயை யார் கொண்டுபோவார்கள்? லூயியின் பூசணிக்காய் இவ்வளவு பெரிது." அவன் கைகளை விரித்த விரிப்பில் ஒரு சப்பாத்து கீழே விழுந்தது.

வேறொன்று வாங்கித் தருகிறோம் என்று சொல்ல மேனுஷாவுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அது அவன் வளர்த்ததாக இருக்காது.

"வெள்ளிக்கிழமை நீ என்ன சொல்வதாக இருந்தாய்?" என்று கேட்டாள்.

"இது என் பூசணிக்காய், நான் வளர்த்தேன் என்று."

"லூயி என்ன சொல்வான்?"

"அவனும் அதையேதான் சொல்வான்."

"மற்றவர்கள்?"

ஆர்லோ கொஞ்சம் யோசித்தான். "எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்."

"லூயியின் பூசணிக்காய்க்குள் எத்தனை விதை இருக்கிறது?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? வெட்டினால்தானே..."

அவன் பாதியில் நிறுத்தினான். தோல் துண்டுகளைப் பார்த்தான். மேனுஷாவைப் பார்த்தான்.

"என்னுடைய விதைகள் எங்கே?"

"எங்கள் வீட்டு யன்னலில் காய்கின்றன. ஒன்றையும் எறியவில்லை."

ஆர்லோ சப்பாத்தைத் தேடினான். இடது காலில் வலது சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

மேனுஷாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விதைகள் வந்து இறங்கின. பத்துப் பத்தாகக் குவிப்பது என்று தீர்மானம். ஆர்லோ எண்ணினான், மேனுஷா சரிபார்த்தாள், அப்பா குவியல்களை நேராக அடுக்கினார்.

"பதினேழு, நாப்பது, ஆறு," என்று அனுசனும் உதவி செய்தான்.

"அப்பா, இவனைத் தூக்குங்கோ. எனக்கு எண்ணிக்கை பிழைக்குது."

அம்மா ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் பால்கறியும் போட்டு ஆர்லோவின் முன்னால் வைத்தார். "கேட்காமல் எடுத்தது என் பிழை," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"இது என்னுடையதா?" என்று ஆர்லோ தட்டைப் பார்த்துக் கேட்டான்.

"உன்னுடையதுதான்."

ஒரு கரண்டி சாப்பிட்டான். எல்லோரும் அவனுடைய வாயையே பார்த்தார்கள். இன்னொரு கரண்டி சாப்பிட்டான்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த முறை கேளுங்கள்."

"ஓம் அப்பு," என்றார் அம்மா. "கட்டாயம் கேக்கிறன்."

முதல் தரம் எண்ணியபோது முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று வந்தது. இரண்டாம் தரமும் அதுவே வந்தது. அதற்குப் பிறகுதான் அனுசனின் முழங்கையில் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருப்பதை அப்பா கண்டார். மூன்றாம் தரம் எண்ணினார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லா வகுப்புகளும் கூடியிருந்தன. மேனுஷா பெரிய பிள்ளைகளோடு பின்வரிசையில் இருந்தாள். முதலாம் வகுப்புச் சின்னவர்கள் மேடையில் நின்றார்கள். ஒருத்தியிடம் மூன்று கரட், ஒருவனிடம் ஒரு வெங்காயம். லூயியின் பூசணிக்காயைத் தூக்க ஆசிரியை உதவ வேண்டியிருந்தது.

"இது என் பூசணிக்காய். நான் வளர்த்தேன்," என்றான் லூயி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்தது ஆர்லோ. ஒரு தட்டில் பாதிப் பூசணிக்காய், அதன்மேல் இரண்டு தோல் துண்டுகள். கையில் ஒரு ஜாம் போத்தல் நிறைய விதை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனுஷா தன் விரல்களை இறுகக் கோத்துக்கொண்டாள்.

"இது என் பூசணிக்காய்," என்றான் ஆர்லோ. "மற்றப் பாதியை நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலில் போட்டது. கொஞ்சம் இனிப்பாக இருந்தது. உள்ளே முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று விதைகள் இருந்தன. மூன்று தரம் எண்ணினோம்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள்.

"லூயி, உன்னுடையதற்குள் எத்தனை?"

லூயி தன் பூசணிக்காயைப் பார்த்தான். அசைத்துப் பார்த்தான், அது அசையவில்லை. பிறகு மண்டபம் முழுவதும் பார்த்திருக்க, விரலால் அதை இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாகக் காதை வைத்துக் கேட்டான்.